முடிவெடுத்த பிறகு ஆய்வு எதற்கு?

எங்கள் ஆய்வுப் பிரிவின் மூத்த ஆய்வாளர் மார்த்தா அக்கா மறைந்த செய்தி தாம்பரம் ரயிலடியில் என்னை வந்து சேர்ந்தது. பிரிவின் டைப்பிஸ்ட் பஷீர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, "அக்கா காலைல போயிட்டாங்க சார்" என்றார். முந்தின வாரம்தான் அக்கா என் ஆய்வுக் கேள்வித்தாள் ஒன்றைக் குதறிப் போட்டிருந்தார். அந்தக் கோபமே எனக்கு இன்னும் ஆறவில்லை.

சிட்லபாக்கத்திலிருந்து குடையும் டிபன் டப்பாவுமாக வருகிறவரைப் பார்த்தால் சாது என்றுதான் தோன்றும். ஏமாந்துவிடக் கூடாது. இந்த நினைவுக் குறிப்பைப் படிக்கிற, அவரோடு வேலை பார்த்த உங்களுக்கு இது தெரியும்.

அறுபதுகளின் கடைசியில் ஒரு தொண்டு நிறுவனம் கீழ்க்கட்டளையில் தாய்சேய் மருந்தகம் நடத்தியது. கூட்டம் வரவில்லை. மருந்தகத்தால் பயன் உண்டா என்று ஆராய்ந்து சொல்லும்படி நிறுவனத்தின் செயலாளர் எங்களிடம் வந்தார்.

"பயன் இல்லேன்னு முடிவு வந்தா என்ன செய்வீங்க சார்?" என்று கேட்டார் அக்கா.

"மூடிடுவோம்."

"இருக்குன்னு வந்தா?"

"அப்பவும்… கமிட்டி ஏற்கெனவே பேசி முடிச்சிட்டாங்கம்மா. கையில ஒரு ரிப்போர்ட் இருந்தா நல்லாருக்கும்."

"அப்ப ஆய்வு எதுக்கு? கைப்புள்ளக்காரிங்களை நிறுத்தி வச்சுக் கேள்வி கேக்க எனக்கு மனசு வரல. எது தெரிஞ்சா உங்க கமிட்டி மனசு மாறும்னு கேட்டுட்டு வாங்க."

எங்களுக்கு அப்போது வேறு வேலை கிடையாது. "வந்த லட்சுமியை எட்டி உதைக்கிறீங்களே!" என்று சத்தம் போட்டேன். அக்கா டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார்.

மறு மாதம் செயலாளர் திரும்பி வந்தார். பெண்களுக்கு மருந்தகமே வேண்டாமா, நேரம்தான் ஒத்துவரவில்லையா என்று தெரிந்தால் போதுமாம். நேரம்தான் காரணம் என்றால் மாற்றத் தயார் என்றது கமிட்டி. அக்கா உடனே இதற்காக நான் எழுதி வைத்திருந்த நீளமான கேள்வித்தாளை எடுத்தார். "இந்தப் பதிலை வச்சு அவங்க எதை மாத்துவாங்க?" என்று ஒவ்வொன்றுக்கும் கேட்டு, பாதிக்கு மேல் அடித்தார். செயலாளரையும் விடாமல் வீடு வீடாக இழுத்துப் போனார். கல்லுடைக்கிற பெண் ஒருத்தி செயலாளர் முகத்துக்கு நேரே சொன்னாள்: "காலீல தொறந்து வச்சா இன்னா சார் பிரயோஜனம்? நாங்க வேலைக்குப் பூடுறோம். சாயங்காலம் தொற, புள்ளைய தூக்கிக்கினு வரோம்."

மருந்தகம் மாலைக்கு மாறியது. மூடவில்லை.

எல்லா முறையும் இப்படி நடக்கவில்லை. ஆய்வு கேட்டு வந்த கூடுவாஞ்சேரிக்காரர் ஒருவர் அக்காவின் இதே கேள்விக்குக் கோபித்துக்கொண்டு வேறு ஆளைப் பிடித்தார். "போகட்டும், பொய்ச்சாட்சிக்கு நாம வேணாம்" என்றார் அக்கா.

அவரை அடக்கம் செய்த மறுநாள் ஓர் அதிகாரி வந்தார். முடிவு தயாராம், ஆய்வுதான் பாக்கியாம். எங்களுக்கும் வேலை தேவைதான். பஷீர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப ஆய்வு எதுக்கு சார்? முடியாது" என்றேன். அக்காவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு கேள்விதான். அதை விடமாட்டேன்.