அத்தாவுக்குக் காற்று போன நாள்

நான் இப்போது நர்ஸ். வயிற்று ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் படுத்திருக்கும் வார்டில் வேலை. ஒரு நாளைக்கு முப்பது தடவையாவது நான் கேட்கும் கேள்வி, "காத்து போச்சா?" என்பது. பேங்க் மேனேஜராக இருந்தாலும் சரி, பள்ளிக்கூடத்துத் தலைமை ஆசிரியராக இருந்தாலும் சரி, இந்தக் கேள்விக்கு முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொள்ளாத ஆளை நான் பார்த்ததில்லை. ஆனால் இதே கேள்வியைக் கேட்டதற்காக ஒரு நர்ஸை நான் ஒன்பது வயதில் மனதாரச் சபித்திருக்கிறேன். சபித்ததோடு விட்டேனா, கையையும் கடித்து வைத்தேன்.

எங்கள் அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, குரோம்பேட்டையில் கறிக்கடை. முழு ஆட்டைத் தோளில் போட்டுத் தூக்கித் தூக்கி அவருக்கு அடிவயிற்றில் ஒரு வீக்கம் வந்திருந்தது. ஹெர்னியா என்றார்கள். அத்தா அதை ஒரு நோயாகவே மதிக்கவில்லை. சாயங்காலம் மல்லாந்து படுத்து, கையால் அழுத்தி உள்ளே தள்ளிவிட்டு எழுந்து டீ கேட்பார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று அம்மா சொன்னால், "அது பாட்டுக்கு வந்துனு போய்னு கீது, உனுக்கு இன்னா?" என்பார். இப்படியே இரண்டு வருடம் ஓடியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையில் கூட்டம் நெரியும் வேளையில், வெளியே வந்தது உள்ளே போக மறுத்துவிட்டது. கல் மாதிரி இறுகி, தொட்டாலே அலறினார். ஓயாத வாந்தி வேறு. மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். வயிற்றுச் சுவரில் இருந்த ஓட்டையில் குடல் மாட்டிக்கொண்டு, அதற்குப் போகும் ரத்தம் நின்று, கறுத்துப்போயிருந்ததாம். வெதுவெதுப்பான உப்புத்தண்ணீரில் துணியை நனைத்துச் சுற்றிவைத்து, நிறம் திரும்புகிறதா என்று டாக்டர் காத்திருந்தாராம். பெரும்பகுதி சிவந்துவிட்டது. ஒரு சாண் மட்டும் சிவக்கவில்லை. அதை வெட்டியெடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்தார்கள்.

மறுநாள் டாக்டர் வந்து, நடந்ததை ஒரு காகிதத்தில் படம் போட்டு விளக்கினார். மூக்கில் குழாயோடு படுத்திருந்த அத்தா அந்தப் படத்தை உற்றுப் பார்த்தார். ஆட்டுக்குடலைப் 'போட்டி' என்று சொல்லி இருபது வருடமாகத் தினமும் அலசி விற்கிறவர். அவரிடமா குடலை வரைந்து காட்டுவது!

"சார், கோச்சிக்காதீங்க. ரத்தக்குழா இப்டி நேரா வந்து முட்டாது. ஒண்ண ஒண்ணு புடிச்சினு வளைவு வளைவா வரும். அந்த வளைவுலேர்ந்துதான் குச்சி குச்சியா போட்டிக்குப் போவும். நடுவுல கொழுப்புக்குள்ள மொச்சக்கொட்ட கணக்கா நெறி இருக்கும், அதையே உட்டுட்டீங்க."

அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். டாக்டர் கோபிக்கவில்லை. "கரெக்ட்தான். நீங்க சாப்பிடற கொழுப்பெல்லாம் அந்த நெறி வழியாத்தான் போகுது. அப்ப எனக்கு நீங்கதான் சீனியர்" என்று சிரித்தார்.

அத்தா சிரிக்கவில்லை. "தலைய எடுத்தப்புறம்கூட போட்டி கொஞ்ச நேரம் நெளிஞ்சுனு இருக்கும் சார். எனுக்கு உள்ள அசையவே இல்லியே?" என்றார்.

"குடலுக்குன்னு தனியா நரம்பு இருக்கு, தலையைக் கேக்காமலே அது வேலை செய்யும். நாங்க கை வெச்சதுல கோச்சிக்கிட்டு படுத்திருக்கு. நாலாம் நாளுக்குள்ள காத்து போகணும். போயிட்டா தையல் பிடிச்சிருக்கு, குடல் வேலை செய்யுதுன்னு அர்த்தம். போகலைன்னா மறுபடி திறந்து பாக்க வேண்டி வரும்."

இத்தனை பேச்சில் என் மண்டையில் ஏறியது ஒன்றுதான்: நாலு நாளுக்குள் அத்தாவுக்குக் காற்று போகவேண்டும்.

இங்கே மாமாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாமாவுக்குப் பஞ்சர் கடை. அவர் வாயில் யாரும் சாவதே கிடையாது, காற்றுதான் போகும். "மூணாவது வூட்டுப் பெரியவருக்குக் காத்து போயிடிச்சு", "அந்தக் கண்டக்டரா? அவுருக்குக் காத்து போயி ஒரு வருசம் ஆவுதே" என்றுதான் பேசுவார். அவர் மடியில் வளர்ந்த எனக்கு அந்த வார்த்தைக்கு வேறு அர்த்தம் இருக்கமுடியும் என்றே தெரியாது.

ஆகவே அந்த நாட்களில் நான் பட்ட பாட்டை நினைத்துப் பாருங்கள். இரண்டு மணிக்கு ஒரு தரம் நர்ஸ் வந்து, ஏதோ காப்பி குடித்தாச்சா என்பதுபோல, "காத்து போச்சா?" என்று கேட்கிறார். "இன்னும் போவல சிஸ்டர்" என்று அம்மா கண்கலங்குகிறாள். "போயிடும், கவலைப்படாதீங்க" என்று நர்ஸ் தோளைத் தட்டிக்கொடுக்கிறார். மாமா போன் போட்டுச் சொந்தக்காரர்களிடமெல்லாம், "மச்சானுக்கு எப்டியாவது காத்து போவணும், துஆ செய்ங்க" என்று கெஞ்சுகிறார். எதிர்க்கட்டில் நோயாளியின் மனைவி, கழுத்தில் சிலுவைச் சங்கிலி போட்டவர், "நானும் ஜெபத்துல வெச்சிருக்கேன்மா, நாளைக்குள்ள போயிடும்" என்கிறார். அடப்பாவிகளா, எங்கள் அத்தா உங்களுக்கு என்ன செய்தார்? ஊரே சேர்ந்து ஒரு மனிதனை வழியனுப்பத் துடிக்கிறது, என்னைப் பெற்ற தாயே அதற்கு முன்னால் நிற்கிறாள்! நான் வராந்தாவில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் நின்று, முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, "யா அல்லாஹ், இவங்க கேக்கறதக் குடுக்காத. எங்க அத்தாவுக்குக் காத்து போகவே கூடாது" என்று தனியாக ஒரு துஆ கேட்டேன்.

அத்தா மட்டும் என் கட்சி என்று தோன்றியது. பிள்ளைக்கு ஸ்கூல் போகிறதே என்று அம்மா சொன்னபோதெல்லாம், "இருக்கட்டும், அவ இங்கியே இருக்கட்டும்" என்று என் கையைப் பிடித்துக்கொள்வார். வார்டில் பிள்ளைகள் கூடாது என்று வாட்ச்மேன் விரட்டியபோதும் அவரிடம் கெஞ்சிக் கேட்டு என்னை இருக்க வைத்தார்.

நாலாம் நாள் காலை. அம்மா மருந்து வாங்கப் போயிருந்தாள். அத்தாவின் வயிறு உப்பி, முகம் வெளுத்துக் கிடந்தது. நான் யோசித்தேன். காற்று போகவேண்டுமானால் ஏதாவது வழி வேண்டும். அவருடைய மூக்கிலிருந்து ஒரு குழாய் வெளியே வந்து பையில் முடிகிறதே! பஞ்சர் கடையில் வளர்ந்த பெண்ணுக்கு இதற்கு மேல் சொல்லவேண்டுமா? மாமா ட்யூபை மடக்கிப் பிடிப்பதுபோல அந்தக் குழாயை மடக்கி, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இன்று என் வார்டில் எந்தப் பிள்ளையாவது அப்படிச் செய்தால் முதுகில் ஒன்று வைப்பேன்.

அத்தா கண்ணைத் திறந்தார். "இன்னாடி பண்ற?"

"காத்து போகாம புடிச்சினு கீறேன் அத்தா. நீ பயப்படாத. அவங்க எல்லாரும் நீ மவுத்தாவணும்னு துஆ கேக்கறாங்க. நான் உட மாட்டேன்."

அத்தா என்னையே பார்த்தார். முதலில் புரியவில்லை. பிறகு புரிந்தது. உதடு துடித்தது, தோள் குலுங்கியது, தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, "ஐயோ... தையல்... ஐயோ" என்று கண்ணில் நீர் வழிய வழியச் சிரித்தார். அப்படிச் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் அது நடந்தது. சும்மா சொல்லக்கூடாது, எதிர்க்கட்டில்காரர் விழித்துக்கொள்கிற அளவுக்கு நீளமாகவே நடந்தது.

"போச்சு! போச்சுடி! அம்மாவக் கூப்புடு!" என்று அத்தா கத்தினார்.

மருந்துப் பையோடு வந்த அம்மா வாசலிலேயே அப்படியே உட்கார்ந்து அழுதாள். அல்ஹம்துலில்லாஹ் என்று அவள் பின்னாலேயே வந்த மாமா கையை உயர்த்தினார், ஸ்தோத்திரம் என்றது எதிர்க்கட்டில். நான் செத்துவிட்ட அத்தாவைக் கட்டிக்கொண்டு ஓலமிட்டேன். "போச்சா?" என்று முகமெல்லாம் மலர்ச்சியாக ஓடிவந்து என்னை விலக்கப் பார்த்த நர்ஸின் கையைக் கடித்தேன். மாமாதான் என்னைத் தூக்கிக்கொண்டுபோய், "லூசு, அந்தக் காத்து இல்லடி! பொறத்தால போற காத்து!" என்று விளக்கினார். அப்போதும் எனக்கு அவமானம்தான் பெரிதாக இருந்ததே ஒழிய சந்தோஷம் வர நேரமானது.

மத்தியானம் இரண்டு ஸ்பூன் தண்ணீர் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னார். அத்தா கண்ணை மூடி அதைக் குடித்தார். குடித்து முடித்த கையோடு, "இவள வூட்டுக்கு இட்டுனு போ. நாளைக்கு ஸ்கூலுக்குப் போவட்டும். பாடம் போவுது" என்றார் மாமாவிடம். நான் எவ்வளவு அழுது அடம்பிடித்தும் கையைப் பிடிக்கவில்லை. "போம்மா, போ. அத்தா வந்துடுவேன்" என்று தலையைத் தடவி அனுப்பிவிட்டார்.

கடையில் கறுத்த போட்டி கிடைத்தால் அத்தா இரண்டாம் முறை பார்க்காமல் தூக்கிப் போடுவார். அவருடைய வயிற்றில் என்ன இருந்தது, அது எதில் போய் முடியலாம் என்பது அந்த வார்டில் டாக்டருக்கு அடுத்தபடி தெரிந்திருந்த ஒரே ஆள் அவர். நாலு நாளும் என்னைக் கண்ணெதிரிலேயே வைத்திருந்தது எதற்காக என்று யோசிக்கும் வயதா எனக்கு? நேற்று வரை வேண்டியிருந்த நான் இன்றைக்கு வேண்டாதவளாகிவிட்டேன் என்று, ஷேர் ஆட்டோவில் சானட்டோரியம் தாண்டிக் குரோம்பேட்டை வரும்வரை மாமாவிடம் முகம்கொடுத்துப் பேசாமல் அழுதுகொண்டே வந்தேன்.