கழிசல் என்ற பெயரில் இங்கே யாரும் இல்லை

மூன்று வருடங்களுக்கு முன், பள்ளிக்கூடம் திறந்து ஒரு மாதம் ஆகியிருக்கும். பழவேற்காடு ஏரிக்கரையில் எங்கள் ஊர். பஸ் நிற்கும் இடத்தில் நானும் இன்னும் நாலு பெண்களும் கூடை வைத்து மீன் விற்கிறோம்.

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளே கிடையாது. நான் ஒல்லியாக, நெட்டையாக இருப்பதால் வாளை. வீட்டுக்காரர் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடப்பதால் நண்டு. ரேஷன் கார்டைப் பார்த்தால்தான் எங்களுக்கே உண்மைப் பெயர் ஞாபகம் வரும். அதனால், ஒன்பதாவது படித்த என் மகளைப் பள்ளிக்கூடம் போகும் பொன்னேரி பஸ்ஸில் கூடப் படிக்கிற பிள்ளைகள் 'கழிசலு' என்று கூப்பிட்டபோது எனக்குத் தப்பாகவே படவில்லை. வலையில் வரும் பொடி மீனை விலைபோகாதென்று கோழித் தீவனத்துக்குத் தள்ளுவோமே, அதுதான் கழிசல். பிள்ளை குள்ளம், அதனால் சொல்கிறார்கள் என்று நினைத்தேன். அதோடு விட்டேனா? "என் கழிசலு, சாப்புட வா" என்று நானும் கொஞ்சினேன். இந்த வாயை என்ன செய்வது, சொல்லுங்கள்.

கொஞ்ச நாளில் வயிற்றுவலி, தலைவலி என்று லீவு போட ஆரம்பித்தாள். ஒரு நாள் காலை யூனிபார்மை மடித்து வைத்துவிட்டு, "நான் இனிமே ஸ்கூலுக்குப் போவல. உன்னோட மீன்கூடை வச்சி உக்காந்துக்கறேன்" என்றாள். துருவிக் கேட்டதும் பெயர் விஷயம் வந்தது. நான் சிரித்துவிட்டேன். "உங்க நைனாவ ஊரே நண்டுன்னு கூப்புடுது. அதுக்கு அவரு இன்னா ஏரிக்குப் போவாம குந்திக்கினாரா?"

"உன்ன வாளன்னு கூப்புடறவங்க உனக்கு டீ வாங்கித் தராங்க. என்ன கூப்புடறவங்க பக்கத்துல உக்காரவே உட மாட்றாங்கம்மா. நீயும் அதையே சொல்ற."

எனக்குச் சுருக்கென்றது. என் மேல் வந்த கோபத்தை அந்தப் பிள்ளைகள் மேல் காட்டலாமென்று கிளம்பினேன். மகள் கையைப் பிடித்துக்கொண்டாள். "சண்ட போடாத. அப்புறம் இன்னும் ஜாஸ்தியா சொல்லுவாங்க. அந்தப் பேரு போனா போதும்."

அன்றைக்கே நானும் வீட்டுக்காரரும் பள்ளிக்கூடம் போய் வகுப்பு டீச்சரிடம் சொன்னோம். அவர் பொறுமையாகக் கேட்டார். அந்தப் பிள்ளைகளையும் அவர்கள் வீட்டாரையும் கூப்பிட்டுப் பேசுவதாகச் சொன்னார். ஆனால் பஸ்ஸுக்குள் டீச்சர் வர முடியுமா? பட்டப்பெயர் எப்படி ஒட்டும் என்பது எங்களுக்குத்தான் தெரியும். நாலு பேர் கூப்பிட வேண்டும், மற்றவர்கள் சும்மா இருக்க வேண்டும். அதனால் பக்கத்துக் கூடைக்காரிகள், டீக்கடைக்காரர், பஸ் கண்டக்டர் எல்லோரிடமும் போய், நான் செய்த தப்பையும் சேர்த்தே சொன்னேன்.

திங்கட்கிழமை பஸ் வந்து நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு பெண் வழக்கம்போல, "ஏய் கழிசலு, ஏறு" என்றாள். பக்கத்துக் கூடையில் நண்டு விற்கும் அக்கா எழுந்து நின்றார். "யாரும்மா அது? அந்தப் பேர்ல இங்க யாருமே இல்லியே." டீக்கடைக்காரரும் யோசிப்பது போல் தாடையைத் தடவி, "நம்ம ஊர்லயே இல்லம்மா" என்றார். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டார். "யாரக் கூப்பிட்டியோ, அவங்க பேரச் சொல்லு பாப்பா. வண்டி நிக்கட்டும்."

பஸ்ஸில் எல்லோரும் அந்த ஜன்னலைத் திரும்பிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு என் மகளின் பெயரைச் சொன்னாள். முழுப் பெயரை. என் மகள் நிமிர்ந்து, படி ஏறிப் போனாள். கூடைக்காரிகள் எல்லோரும் கைதட்டினார்கள். நான் மட்டும் தட்டவில்லை. முந்தானையால் முகத்தை மூடி அழுதுகொண்டிருந்தேன்.

வகுப்பில் எல்லாம் சரியாவதற்கு அரையாண்டுப் பரீட்சை வரை ஆனது. டீச்சர் விடவே இல்லை. இப்போது மகள் பிளஸ் டூ. போன மாதம் அதே பஸ்ஸில் ஆறாவது படிக்கிற ஒரு சின்னப் பெண்ணை நாலு பேர் கேலி செய்ய, இவள் எழுந்துபோய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாளாம். கண்டக்டர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

எந்தப் பிள்ளையாவது என்னிடம் வந்து ஒரு குறையைச் சொன்னால், 'எங்க காலத்துல' என்று ஆரம்பிக்கத் துடிக்கிற நாக்கைக் கடித்துக்கொண்டு, "உனக்கு இன்னா செய்யணும், சொல்லு" என்று கேட்க என் மகளிடம்தான் கற்றுக்கொண்டேன்.