ஐந்நூறு குதிரையும் இரண்டு கான் மண்ணெண்ணெயும்

“உன்ர இங்கிலீசு எஞ்சினுக்கு விளங்குமோ, பிள்ளை?”

சித்தப்பா இப்படிக் கேட்டதும் வாசலில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். பேசாலையில், பெரியம்மா வீட்டில், அவருடைய மகளான அக்காவின் கல்யாணத்துக்கு முதல் நாள். எல்லோரும் ஒரு மஞ்சள் காரைச் சுற்றி நின்றோம். இரண்டே கதவு, முதுகு தாழ்ந்த பந்தயக் கார். நாளை மணப்பெண்ணைக் கோயிலுக்கு ஏற்றிப் போவதற்காக, பிரான்சில் வளர்ந்த அண்ணா, பெரியம்மாவின் மகன், கொழும்பிலிருந்து ஓட்டி வந்திருந்தார்.

கார் அவருடையது அல்ல. கொழும்பில் இப்படிப்பட்ட கார்களைத் திருத்தும் கராச் வைத்திருக்கும் அவருடைய நண்பர் ஒருவருடையது. எனக்கும் அந்தக் கராச்சில் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் தெரியும், அம்மா ஐந்தாம் வகுப்பு. நான் தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் வாகனம் படித்து, எழுத்துப் பரீட்சை எல்லாம் பாஸ். ஆறு மாதம் ஒரு கராச்சில் பயிற்சி செய்தால்தான் சான்றிதழ். மூன்று இடங்களில் கேட்டேன். பெண்பிள்ளைகளுக்குக் கழிவறை இல்லை என்று இரண்டு இடங்களில் சொன்னார்கள். மூன்றாவது இடத்தில் அதைக்கூடச் சொல்லவில்லை, சிரித்தார்கள். அதனால்தான் அண்ணா தன் நண்பரிடம் எனக்காகக் கேட்டு, அவரும் பார்க்கலாம் என்றிருந்தார்.

கார் வந்து நின்றதும் ஆண்கள் முன்மூடியைத் திறந்தார்கள். உள்ளே பெட்டி வைக்கும் குழியும் ஒரு பற்றரியும் மட்டும். எஞ்சினைக் கழற்றிப்போட்டுத் தந்திட்டாங்கள் என்று ஒருவர் சொன்னார். எஞ்சின் பின்னால் இருக்கிறது என்று சொல்லி நான்தான் பின்மூடியைத் திறந்து காட்டினேன். கையேடு ஆங்கிலத்தில் இருந்தது. அண்ணாவுக்குப் பிரெஞ்சு வரும், ஆங்கிலம் அரைகுறை. ஆகவே வாசிக்க என்னைக் கூப்பிட்டார்கள். ஆஸ்பத்திரித் துண்டு, கந்தோர்க் கடிதம், வங்கிப் படிவம் எதுவாக இருந்தாலும் எங்கள் வீட்டில் கூப்பிடுவது என்னைத்தான்.

வாசித்தேன். நாலு லீற்றர் எஞ்சின். ஆறு சிலிண்டர், பக்கத்துக்கு மூன்றாகப் படுத்திருக்கும். நிமிடத்துக்கு ஒன்பதாயிரம் சுற்று. ஐந்நூறு குதிரைவலு. ஐந்நூறு என்றதும் ஒருவர் விசிலடித்தார். பேசாலைக் கரையில் நிற்கிற படகெல்லாம் சேர்த்தாலும் வராது என்று சொன்னவருக்கும் இன்னொருவருக்கும் வாக்குவாதம் வந்தது. வரும் என்று மற்றவர் கரையில் நின்ற படகுகளை விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். நான்கு செக்கனுக்குள் நூறு கிலோமீற்றர் வேகம் பிடிக்கும் என்றதை இரண்டு தரம் வாசிக்கச் சொன்னார்கள். ஒருவரும் என்னைச் சந்தேகப்படவில்லை.

அடுத்த பக்கம் எரிபொருள். தொண்ணூற்றெட்டு ஒக்ரேன் பெற்றோல், கிடைக்காவிட்டால் தொண்ணூற்றைந்து, அதற்குக் கீழே கூடாது என்று இருந்தது. அதை நான் வாசித்தபோது பாதிப்பேர் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள்.

காரில் பெற்றோல் கால்வாசிதான் இருந்தது. மாலையில் தலைமன்னார்வரை ஓடிப் பார்க்க வேண்டும் என்று அண்ணாவுக்கு ஆசை. பெற்றோல் செட்டுக்குப் போய் அடிப்போம் என்றார். எதற்கு, கரையில் மீன் வாடியில் இரண்டு கான் மண்ணெண்ணெய் இருக்கிறது என்றார் சித்தப்பா.

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. இந்தக் கரையில் படகு எஞ்சின் பழுதென்றால் அவரிடம்தான் வருவார்கள். எங்கள் படகுகள் பெற்றோலில் ஸ்ராட் ஆகி, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாறும். சண்டைக் காலத்தில் பெற்றோல் வராதபோது, அடம்பனில் இடம்பெயர்ந்து இருந்த சித்தப்பா ஒரு பழைய காரை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சிறு போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் நாலு சொட்டு விட்டு ஸ்ராட் பண்ணி, பிள்ளைப்பேற்று வலி கண்ட பெரியம்மாவை அந்தக் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நாளைய மணப்பெண் பிறந்தது அப்படித்தான். இதில் எனக்கும் பெருமை உண்டு. ஆனால் அந்தப் பெருமை இந்தக் காரின் எஞ்சினுக்குள் செல்லாது.

காற்றும் எரிபொருளும் சிலிண்டருக்குள் எவ்வளவு சிறிய இடத்துக்கு அமுக்கப்படுகின்றன என்று ஓர் எண் உண்டு. அந்தப் பழைய காரில் அது ஏழுக்கு ஒன்று அளவில் இருந்திருக்கும். இதில் பதின்மூன்றுக்கு ஒன்று. அவ்வளவு அமுக்கினால் மண்ணெண்ணெய் பொறிக்குக் காத்திருக்காது, தன்பாட்டில் வெடிக்கும். மேலே ஏறிக்கொண்டிருக்கும் பிஸ்டனின் தலையில் அடி விழும்.

“சித்தப்பா, அது பழைய எஞ்சின். இது ரெண்டு மடங்கு அமுக்கும். ஊத்தாதேங்கோ.”

அப்போதுதான் அவர் அந்த இங்கிலீசுக் கேள்வியைக் கேட்டார். நான் அண்ணாவைப் பார்த்தேன். அவரும் சிரித்துக்கொண்டு பெற்றோல் மூடியைத் திறந்துவிட்டார். சித்தப்பா இரண்டு கானையும் ஊற்றினார்.

இன்றும் எனக்கு ஆறாதது இதுதான். அதே புத்தகம், அதே வாய். குதிரைவலுவை வாசித்தபோது நான் படித்த பிள்ளை. எரிபொருளை வாசித்தபோது விளங்காத பெட்டை.

தலைமன்னாருக்கென்று புறப்பட்ட கார் அரை மணித்தியாலத்தில் திரும்பி வந்தது. தகரப் பேணிக்குள் கல்லைப் போட்டுக் குலுக்குவதுபோல் பின்னால் சத்தம், வெள்ளைப் புகை, முன்னால் மஞ்சள் விளக்கு. அண்ணா கிணற்றடிக்குப் போய்க் கொழும்புக்குப் போன் எடுத்தார். உடுப்புக் காயப்போட்டுக்கொண்டிருந்த எனக்கு ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

“எங்கட பிள்ளை ஒண்டு கார் படிக்குது எண்டனே, அதுதான் பின்மூடியைத் திறந்து என்னவோ செய்துபோட்டுது.”

கையிலிருந்த ஈரச் சேலையைக் கொடியில் எறிந்தேன். எனக்கு இடம் கேட்ட வாயே அந்த இடத்தை மூடிவிட்டது. அம்மாவிடம் சொன்னேன். கலியாண வீட்டில் சண்டை வேண்டாம், பிறகு கதைப்போம் என்றார். பிறகு என்றால் எப்போது? சித்தப்பாவோ அதற்குள் அடுத்த வைத்தியம் சொல்லிக்கொண்டிருந்தார். மேலே பெற்றோல் விட்டு எஞ்சினை நன்றாக முறுக்கினால் மண்ணெண்ணெய் எல்லாம் எரிந்துபோகும், காலையில் பெண்ணை ஏற்றலாம் என்று. இன்னொரு தரம் அப்படி முறுக்கினால் பிஸ்டனே உடையலாம். உடைந்தால் அதுவும் என் தலையில்தான் விழும்.

கையேட்டின் உறைக்குள் கராச்சின் அட்டை இருந்தது. காரின் சொந்தக்காரருக்கு நானே போன் எடுத்தேன். யார் என்று சொல்லி, எதை, யார், எவ்வளவு ஊற்றினார்கள் என்று ஒழுங்காகச் சொன்னேன். பின்மூடியை நான் திறந்தது உண்மை, திறந்து காட்டியதைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை என்றும் சொன்னேன். எவ்வளவு தூரம் ஓடியது என்று கேட்டார்.

“இனி ஸ்ராட் பண்ண விடாதேங்கோ, தங்கச்சி. நான் லொறி அனுப்புறன்.”

எனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்டேன்.

“எஞ்சினைத் திறக்கேக்க நீங்களும் வந்து நில்லுங்கோ. ஆர் சொல்லுறது சரியெண்டு அது சொல்லும்.”

சித்தப்பாவின் பெட்டியிலிருந்து பத்தாம் நம்பர் ஸ்பனரை எடுத்து, எல்லோரும் பார்த்திருக்க, முன்மூடியைத் திறந்து, இனி யாரும் ஸ்ராட் பண்ண முடியாதபடி பற்றரியின் வயரைக் கழற்றினேன். அண்ணா ஓடி வந்தார். லொறி வருகிறது, காரின் சொந்தக்காரர் சொன்னது, என்னைப் பற்றி நீங்கள் அவரிடம் சொன்னதையும் நான் திருத்திவிட்டேன் என்றேன். பெரியம்மா அழுதார். எரிச்சலில் கல்யாணத்தைக் குழப்புகிறாள் என்று பின்னால் ஒரு குரல் கேட்டது. மறுநாள் அக்கா பக்கத்து வீட்டு வான் வண்டியில் கோயிலுக்குப் போனார். நானும் போனேன், முன்வரிசையில் இருந்தேன். சித்தப்பா என்னோடு கதைக்கவில்லை. இன்றுவரை கதைக்கவில்லை.

லொறி காரை ஏற்றிப் போனது. மூன்றாம் நாள் நான் கொழும்பு பஸ் ஏறினேன். கராச்சில் பெண்களுக்குத் தனிக் கழிவறை இல்லைதான். பக்கத்துக் கடையில் கேட்டுப் போகிறேன்; அதை ஒருவரும் பெரிய விடயமாக்கவில்லை. காரைத் தூக்கி நிறுத்திவிட்டு, சொந்தக்காரர் தள்ளி நின்றுகொண்டு எனக்கு ஸ்பனர் பெட்டியைக் காட்டினார். ஆறு சிலிண்டர், ஆறு பிளக். முதலாவதைக் கழற்றினேன்: மண்ணெண்ணெய் நாற்றம், முனையில் பிஸ்டனிலிருந்து தெறித்த அலுமினியப் பொட்டுகள்.