பின் சீட்டு பெல்ட்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஒரு வருஷம் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் அண்ணனே, "எழுது. ஆனா கண்ணு மூக்கு வச்சு எழுதாதே" என்று சொல்லிவிட்டான். அதனால் நான் ஒன்றும் சேர்க்கவில்லை. இதில் வரும் நேரமெல்லாம் அவன் சொன்னது. வண்டி ஓட்டும்போது நிமிஷத்துக்கு ஒரு தரம் கடிகாரம் பார்ப்பது அவன் பழக்கம். பேய் என்றால் நடுராத்திரி, நாய் ஊளை, வெள்ளைப் புடவை என்று எதிர்பார்ப்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். இது பட்டப்பகலில் நடந்தது. வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது.

அண்ணனுக்குக் கோபம் மூக்குக்கு மேல் நிற்கும். சொன்ன பேச்சு கேட்காத எதையும் ரெண்டு தட்டு தட்டுவான். ரிமோட், மிக்ஸி, சில சமயம் என் தலை. மெக்கானிக்கல் படித்து முடித்ததும், தட்டுவதற்குப் பட்டமே வாங்கிவிட்டான் என்று நான் கிண்டல் செய்வேன். அவன் கூட்டாளிக்குக் காலேஜில் வைத்த பேர் பயில்வான். ஊதினால் பறந்துவிடுகிற உடம்பு, அதனால்தான் அந்தப் பேர். நாலு வருஷமும் ரெண்டு பேருக்கும் ஒரே ஹாஸ்டல் அறை.

கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு பயில்வானுக்கு வேலை கிடைத்தது. நாட்டின் அந்தக் கோடியில் ஒரு தொழிற்சாலை. அதே ஊரில்தான் அவனுடைய தாய்மாமா இருக்கிறார். மாமா இந்தப் பக்கம் வந்தபோது வாங்கிப்போட்ட பழைய கார் ஒன்று ரெண்டு மாசமாகப் பயில்வான் வீட்டு வாசலில் சும்மா நின்றது. "ரெண்டு பேருமா ஓட்டிட்டு வந்துடுங்கடா" என்றார் மாமா. ஆயிரத்து நானூறு கிலோமீட்டர், ரெண்டு நாள். கரும்பு தின்னக் கூலியா என்று ரெண்டும் குதித்தன.

பயில்வானுக்கு அப்பா இல்லை. வீட்டுக்கு ஒரே பிள்ளை. கிளம்பும்போது அவன் அம்மா கார் ஜன்னலில் கையை வைத்துக்கொண்டு, மகனை விட்டுவிட்டு என் அண்ணனிடம் பேசினார்.

"உன்னை நம்பித்தான் அனுப்புறேன் தம்பி. எப்படிக் கூட்டிட்டுப் போறியோ அப்படியே கொண்டுபோய் விட்டுடணும்."

"நீங்க நிம்மதியா தூங்குங்கம்மா. அவன் எம் பொறுப்பு."

அண்ணன் வாயால் சொன்னது இது. இந்தக் கதையில் அவனை இன்றுவரை தூங்கவிடாததும் இதுதான்.

முதல் நாள் பாட்டும் கூத்துமாகப் போயிற்று. ராத்திரி ஒரு லாட்ஜில் தங்கி, காலையில் பெட்ரோல் பங்கில் நின்றார்கள். அங்கே எடை பார்க்கும் மெஷின் ஒன்று இருந்தது. பயில்வான் ஏறி நின்றான். நாற்பத்தெட்டு கிலோ. "பாக்கெட்ல இருக்கறதை எடுத்து வச்சிட்டு ஏறுடா, உண்மை தெரியட்டும்" என்றான் அண்ணன். பயில்வான் எடை அச்சாகி வந்த காகிதத்தை மடித்து டாஷ்போர்டு மேல் செருகி வைத்தான்.

மத்தியானம் 1.42.

ரெண்டு பக்கமும் முள்ளுக்காடு. ரோடு கோடு போட்ட மாதிரி நேராகக் கிடந்தது. முன்னாலும் பின்னாலும் ஒரு வண்டி இல்லை. அண்ணன் ஓட்டிக்கொண்டிருந்தான், பக்கத்தில் பயில்வான்.

டிங்... டிங்... டிங்...

சீட் பெல்ட் போடவில்லை என்றால் கத்துமே, அந்தச் சத்தம். ரெண்டு பேரும் பெல்ட் போட்டிருந்தார்கள். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சிவப்பு விளக்கு எரிந்தது. பின் சீட்டு. டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற இடம்.

பின் சீட்டில் ஒரு துண்டுகூட இல்லை. பைகளெல்லாம் டிக்கியில் கிடந்தன.

அண்ணன் டாஷ்போர்டை ரெண்டு தட்டு தட்டினான். நிற்கவில்லை. ஓரம் கட்டி, இறங்கி, பின் கதவைத் திறந்தான். சீட்டில் ஒரு பள்ளம் இருந்தது. யாரோ ரொம்ப நேரம் உட்கார்ந்துவிட்டு அப்போதுதான் எழுந்த மாதிரி. பழைய ஸ்பாஞ்ச், அமுங்கிப் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"சென்சார் கோளாறுடா" என்றான் பயில்வான். "ஆளு உக்காந்திருக்குன்னு நினைச்சுக்குது. பெல்ட்டை மாட்டிவிட்டா வாயை மூடிக்கும்."

பெல்ட்டை இழுத்து, காலி சீட்டுக்குக் குறுக்கே கொண்டுவந்து மாட்டினான். கடக்.

சத்தம் நின்றது.

பயில்வானுக்கு வாய் சும்மா இருக்காது. காலி சீட்டைப் பார்த்துக் கும்பிடு போட்டான். "சார், சௌகரியமா உக்காருங்க. போய்ச் சேர்ற வரைக்கும் நீங்க நம்ம ஆளு."

அண்ணனும் சிரித்தான். சிரித்ததை நினைத்து இன்னமும் தலையில் அடித்துக்கொள்கிறான்.

2.50. முதுகில் ஏதோ குத்தியது. சீட்டின் முதுகுப் பக்கத்தில், பின்னாலிருந்து. ரெண்டு இடத்தில். பஸ்ஸில் பின் சீட்டுக்காரன் முட்டியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்தால் எப்படி இருக்கும், அப்படி.

அண்ணன் கண்ணாடியில் பார்த்தான். காலி சீட்டுதான். ஆனால் பெல்ட் சீட்டோடு ஒட்டிக்கிடக்கவில்லை. முன்னால் தள்ளி, வளைந்து நின்றது. உள்ளே ஒரு நெஞ்சு இருந்தால் எப்படி நிற்குமோ அப்படி.

"இடுப்பு வலிக்குதுடா. நீ கொஞ்சம் ஓட்டு" என்று மட்டும் சொன்னான்.

அந்த இடத்திலேயே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். பயந்தவன் என்று பேர் வாங்க அவனுக்கு மனசு வரவில்லை.

3.00. பயில்வான் ஓட்டினான். பத்து நிமிஷத்தில் அவன் பேச்சு நின்றது. கால் மணியில் வியர்த்தது. ஏசி முழுசாக ஓடிக்கொண்டிருந்தது.

"உனக்கும் இடிச்சுதா?" என்று கேட்டான்.

"ம்."

"ஏன்டா சொல்லல?"



4.12. டக்.

டிரைவர் சீட்டு ஒரு பல் முன்னால் நகர்ந்தது. சீட்டை நகர்த்தக் கீழே இருக்கிற கம்பியை யாரும் தொடவில்லை.

டக். இன்னொரு பல்.

டக்.

பயில்வானின் நெஞ்சு ஸ்டியரிங்கில் போய் முட்டியது. ஹாரனோடு சேர்த்து அழுத்தியதில் அவனால் மூச்சு விட முடியவில்லை. அந்த வெறிச்சோடிய ரோட்டில் ஹாரன் ஒரே மூச்சாக அலறியது. அண்ணன் ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தான். கார் அரைச் சுற்று சுற்றி மண்ணில் இறங்கி நின்றது. கதவைத் திறந்து பயில்வானை வெளியே பிடுங்கிப் போட்டான்.

பள்ளம் இப்போது ஆழமாக இருந்தது. பெல்ட் விறைத்து நின்றது. அண்ணன் சிவப்புப் பட்டனை அமுக்கினான். கட்டை விரல் நகம் பெயருகிற அளவுக்கு அமுக்கினான். பெல்ட் கழன்று வரவில்லை.

ரெண்டு பேருக்கும் சண்டை வந்தது. நாலு வருஷத்தில் முதல் சண்டை.

"கத்தியை எடு. அறுத்துடறேன்."

"வேணாம்டா. நான் சொல்றதக் கேளு."

"என்ன கேக்கணும்?"

"அது கட்டிப்போட்டு இருக்குடா. கட்டியிருக்கற வரைக்கும் அது அங்கதான் இருக்கும். வண்டியை இங்கயே போட்டுட்டு நடப்போம்."

நடப்பதா? கடைசியாகப் பார்த்த கடை அறுபது கிலோமீட்டருக்குப் பின்னால். கொண்டுபோய் விடுகிறேன் என்று சொன்னவன் நடுக்காட்டில் விட முடியுமா? அண்ணன் டிக்கியில் பழம் வெட்ட வைத்திருந்த கத்தியை எடுத்தான். பயில்வான் கையைப் பிடித்தான். அண்ணன் தள்ளிவிட்டான். அவன் மண்ணில் போய் விழுந்தான்.

5.10. பெல்ட்டை அறுத்தான்.

அறுந்த முனை தொங்கியது. பள்ளம் மெல்ல மெல்ல மேலே எழும்பி, சீட்டு சமமாயிற்று.

"பாத்தியா? போயிடுச்சு" என்றான் அண்ணன்.

பயில்வான் சட்டையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு போய் முன்னால் உட்கார்ந்தான். அண்ணன் வண்டியை எடுத்தான்.

பதினாறு நிமிஷம் ஒன்றுமே இல்லை.

5.26.

டிங்...

பின் சீட்டு விளக்கு எரியவில்லை. எரிந்தது முன் சீட்டு விளக்கு. பயில்வான் உட்கார்ந்திருந்த சீட்டு.

"பெல்ட் போடுடா."

"போட்டிருக்கேன்டா."

போட்டுத்தான் இருந்தான். கழற்றி மறுபடி மாட்டினான். கடக்.

டிங்... டிங்...

"நான்தான் போட்டிருக்கேனே... நான் போட்டிருக்கேனேடா..." அழ ஆரம்பித்தான்.

அந்த ஒரு சீட்டில் இன்னும் ஒருத்தர் பெல்ட் போடாமல் இருக்கிறார். அண்ணனுக்கு அப்போதுதான் அது உறைத்தது.

5.31.

பயில்வான் அழுவதை நிறுத்தினான்.

சட்டென்று. குழாயைத் திருகி மூடிய மாதிரி.

பெல்ட்டைக் கழற்றினான். நிதானமாக வெளியே இழுத்தான். நீளமாக. இன்னும் நீளமாக. குறுக்கே கொண்டுவந்து மாட்டினான்.

கடக்.

சத்தம் நின்றது.

அவன் நெஞ்சுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடம் இருந்தது. பெல்ட் அந்தரத்தில் வளைந்து நின்றது. தொங்கவில்லை.

"டேய்..." என்றான் அண்ணன்.

"ரோட்டைப் பாத்து ஓட்டுங்க."

அவன் குரல்தான். ஆனால் நாலு வருஷத்தில் அவன் அண்ணனிடம் ஒரு நாளும் 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

அண்ணன் ரோட்டைப் பார்த்தே ஓட்டினான். பக்கத்தில் திரும்பவே இல்லை. ஸ்டியரிங் பயில்வான் பக்கமாகவே இழுத்துக்கொண்டிருந்தது.

7.45. மாமா வீடு. தெருவிளக்கு அப்போதுதான் எரிந்தது. மாமா வாசலுக்கு வந்து, "ஏன்டா வண்டி ஒரு பக்கமா சாஞ்சிருக்கு? டயர்ல காத்து இல்லையா?" என்றார்.

பயில்வான் கதவைத் திறந்து இறங்கினான்.

அவன் பக்கம் கார் நாலு விரல் மேலே எழும்பியது.

மறுநாள் காலை முதல் ரயிலில் அண்ணன் ஊருக்குக் கிளம்பிவிட்டான். பயில்வான் அறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டத்தான் வந்தவன், எதையும் தட்டிப் பழகியவன், அந்தக் கதவைத் தட்டவில்லை.

ரெண்டு நாள் கழித்து மாமா போன் செய்தார். அறுந்த பெல்ட்டை மாற்ற வந்த மெக்கானிக் டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தாராம். "அன்னைக்கு ராத்திரி நீ சொன்ன பின் சீட்டு விளக்கு இந்த மாடலுக்கே கிடையாதாம்டா. சென்சாரும் இல்ல, ஒயரும் இல்ல. படிச்ச பசங்களுக்கு இதுகூடத் தெரியாதான்னு சிரிக்கிறார்." இதைச் சொல்லிவிட்டு மாமாவும் சிரித்தார்.

அண்ணன் சிரிக்கவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன். 

அதே நாள், காலை 11.20. இன்னொரு போன். பயில்வானின் அம்மா. அண்ணன் போனை என்னிடம் தள்ளினான்; நான்தான் ஸ்பீக்கரில் போட்டேன்.

"தம்பி, அவனுக்கு இன்னைக்கு வேலையில சேர மெடிக்கல் டெஸ்ட். எடை பாத்தாங்களாம். மெஷின் கெட்டுப்போச்சுன்னு வேற மெஷின் கொண்டுவந்தாங்களாம். மூணு மெஷின் மாத்திட்டாங்க. எல்லாத்துலயும் நூத்தி ஒம்பது காட்டுதாம்."

அண்ணன் போனுக்குப் பக்கத்தில் குனிந்தான்.

"அவன் மாமா நேர்ல பாத்துட்டு சொல்றான். ஆளு அதே எலும்பும் தோலுமாத்தான் இருக்கான். எங்கிட்ட பேச மாட்டேங்கறான். போன்ல என்னை 'நீங்க யாரு'ன்னு கேக்கறான்."

அவர் குரலைத் தாழ்த்தினார்.

"எம் பிள்ளை அம்பது கிலோகூட இருக்க மாட்டானே. மீதி யாரு தம்பி?"