வெல்ல மண்டித் தராசில் ஒரு விமானம்

விமானம் பறக்கத் தகுதியானதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது என் உத்தியோகமாக இருந்தது. ஓய்வுக்குப் பிறகு சேலம் ஃபேர்லேண்ட்ஸில் நான் தகுதி பார்ப்பது கத்தரிக்காய்க்கு மட்டும்தான். அதனால், நாமக்கல்லில் லாரிக்கு பாடி கட்டும் ஒருவர் போன் செய்து, தன் கையால் சின்ன விமானம் ஒன்று செய்திருப்பதாகவும், தனியாக ஓட்டினால் எழும்புகிறது, பக்கத்தில் ஆள் ஏறினால் எழும்ப மறுக்கிறது என்றும் சொன்னபோது, செருப்பை மாட்டிக்கொண்டேதான் பதில் சொன்னேன்.

பரமத்தி வேலூருக்கு இந்தப் பக்கம், அவர் வீட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, கரும்புக் காட்டை ஒட்டி மண் ஓடுபாதை. அலுமினியக் குழாய், துணி இறக்கை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு இருக்கை. பறக்கப் பழகிய சான்று, அரசாங்க அனுமதி என்று எல்லாக் காகிதமும் வைத்திருந்தார். அந்தக் கட்டுதான் விமானத்திலேயே கனமான பாகமாக இருக்கும் என்று நினைத்தேன். தப்பு.

இரண்டாவது இருக்கை அவர் மனைவிக்கு. இறக்கைத் துணியை ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடு காட்டிச் சுருங்க வைத்து, மத்தளம் மாதிரி விறைப்பாக்கியது அந்தம்மாள்தான். அப்போதே அவரை மேலே கூட்டிப்போவதாகப் பேச்சு. மனைவியை வைத்துச் சோதனை ஓட்டம் கூடாது என்று நான் சொல்லிவிட்டதால், அவருடைய எடைக்கு ஒரு மணல் மூட்டையை இருக்கையில் கட்டினோம். விமானம் பாதை முழுக்க ஓடி, கரும்புக்கு முன்னால் மூச்சிரைத்து நின்றது. சக்கரம் மண்ணை விடவில்லை.

டிவிஎஸ்ஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த அந்தம்மாள், "இதை ரோட்டுல உட்டிருந்தா இந்நேரம் கரூரு போயிச் சேந்திருக்கலாமுங்க" என்றார்.

எனக்கு ஆர்வம் தாங்கவில்லை. இன்ஜின் நன்றாக இருக்கிறது, இறக்கை வளைவு சரி. பின் எது இழுக்கிறது? குனிந்து ஒவ்வொரு மூட்டாகத் தடவினேன். அவர் பார்த்துக் கட்டிய வரைபடத்தில் ஒரு உலோகப் பட்டை இருந்த இடத்தில் இரண்டு இருந்தன. இரண்டு இருந்த இடத்தில் நாலு. இருக்கைக்கு அடியில் லாரிக்குப் போடும் ஆங்கிள் இரும்பு.

"ஏன் இப்படி?" என்றேன்.

"பத்து டன்னுன்னு எழுதிக் குடுத்துட்டுப் பதினஞ்சு ஏத்துவானுங்க சார். பிளானை நம்பிக் கட்டுனா நம்ம பேரு கெட்டுப்போயிருமுங்க. நாமதான் பாத்து ரெண்டு பட்டை சேத்துப் போடோணும்."

நாமக்கல்லில் இது அனுபவ ஞானம். அவர் கட்டிய பாடி எதுவும் இதுவரை விரிசல் விட்டதில்லை என்பது வட்டாரத்துக்கே தெரியும். ஆனால் விமானத்தில் அதிக பாரம் ஏற்ற வேறு ஆள் தேவைப்படவில்லை. உறுதியையே பாரமாக ஏற்றிவிட்டிருந்தார்.

சும்மா சொன்னால் நம்பமாட்டார். விதிப்படி மூன்று சக்கரத்துக்கும் கீழே மூன்று தராசு வைத்து நிறுக்க வேண்டும். பரமத்தி வேலூர் வெல்ல மண்டியிலிருந்து மூட்டை நிறுக்கும் தராசுகள் வந்தன. கூடவே மண்டியின் எறும்புகளும் வந்து சக்கரத்தில் ஏறின. கூட்டிப் பார்த்தபோது, வரைபடத்தைவிட அதிகமாக இருந்தது ஏறக்குறைய ஓர் ஆள் எடை.

அடுத்த முறை நான் போனபோது இரண்டாவது இருக்கை கழற்றப்பட்டு, விமானம் நிறுத்தும் கொட்டகையின் மூலையில் கிடந்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. காப்பி கொண்டுவந்த அந்தம்மாள் மூலையைப் பார்த்தார். டம்ளரை வைத்தார்.

"என்னைய எறக்கி உடறது உங்களுக்குச் சுலுவா இருக்குதுங்க. அந்தப் பட்டையில ஒண்ணக் கழட்டச் சொன்னாத்தான் உசுரு போவுது."

கணவர் என் பக்கம் திரும்பினார். விதி என்ன சொல்கிறது என்று கேட்கும் பார்வை. எடை குறைய வேண்டும் என்றுதான் விதியில் இருக்கிறது. யாரைக் குறைப்பது என்று இல்லை. அதைச் சொன்னேன்.

"பட்டையை எடுத்தா ஒடையாதுங்களா சார்?"

"லாரியில எழுதினது பேச்சுக்கு. இதுல எழுதினதுதான் எடை. அதுக்கு மேல நீங்க ஏத்தாத வரைக்கும் உடையாது."

குனிந்து ஒரு பட்டையை விரலால் தட்டிப் பார்த்தார். பிறகு அதைப் பிடித்திருந்த ரிவெட்டைக் குடைந்தெடுக்கத் துளையிடும் மெஷினை எடுத்தார்.

பட்டைகளைக் கழற்ற வாரக்கணக்கில் ஆயிற்று. கழற்றிய ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்துவிட்டே கீழே போட்டார். வேண்டாத துளை விழுந்த குழாய்களை நான் விடவில்லை. புதிதாக மாற்ற வைத்தேன். வாய்க்குள் திட்டினார் என்று நினைக்கிறேன். மறுபடியும் தராசு, மறுபடியும் எறும்பு. இந்த முறை கணக்கு ஒத்துப்போனது. முதலில் அவர் தனியாகப் பறந்தார். பிறகு, திரும்ப மாட்டிய இருக்கையில் மணல் மூட்டையும் பறந்தது. அதையும் பலமுறை பறக்க வைத்த பிறகுதான் நான் தலையசைத்தேன்.

அந்தம்மாள் செருப்பையும் கைப்பையையும் என்னிடம் கொடுத்து, "எடைக்குங்க" என்று சொல்லிவிட்டு ஏறினார். கரும்பு வருவதற்கு வெகு முன்பே சக்கரங்கள் மண்ணை விட்டன. காவிரிப் பக்கம் போய், வெற்றிலைக் கொடிக்கால்களுக்கு மேலே திரும்பி, தாழ்ந்து வந்து இறங்கினார்கள். கணவர் இன்னும் பெல்ட்டைக்கூட அவிழ்க்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலேயிருந்து என்ன தெரிந்தது என்று நான்தான் கேட்டேன்.

"நம்மூட்டு மாடியில தண்ணித் தொட்டிய மூடாம உட்டிருக்கறாருங்க" என்றார் அந்தம்மாள். செருப்பை வாங்கி மாட்டிக்கொண்டு டிவிஎஸ்ஸை எடுத்தார்.