சிவப்பு நூல் சுத்துன வயர்

எனக்கு வாய் ஜாஸ்தி. இதை நானே முதல்ல சொல்லிர்றேன். இல்லேன்னா எங்க வீட்டுக்காரர் சொல்லிருவாவ, அவிய ஆரம்பிச்சா லேசுல முடியாது.

ராஜபாளையத்துல எங்களுக்கு மைக் செட் கடை. கல்யாணம், சடங்கு, கோவில் கொடை எல்லாத்துக்கும் குழாயும் ஸ்பீக்கரும் எங்க கடையிலருந்துதான் போகும். நான் பொறந்தது செட்டியார்பட்டி. எண்பதுகள்ல கல்யாணம் முடிஞ்சு வந்தேன். வந்த மூணாம் மாசமே எங்கையில சால்டரிங் அயனைக் குடுத்து, "ஏட்டி, செத்த நேரம் இந்த வயரைப் பத்த வையி"ன்னாவ. அந்தச் செத்த நேரம் இன்னும் முடியல.

அந்த வருஷமே நான் பொறந்த ஊரு அம்மன் கோவில் பொங்கலுக்கு எங்க செட்டுதான் போச்சு. என் சொந்தபந்தம் அம்புட்டும் முன்னாடி உக்காந்திருக்கு. மைக்கை ஆன் பண்ணுனா ஒரே ஊளை. எல்லாரும் காதைப் பொத்துறாவ. எங்க சித்தப்பா எந்திரிச்சு, "மாப்ள, மைக்குக்கு வயித்துவலியா? ஓம வாட்டர் குடுக்கவா?"ன்னு கேக்காவ. ஊரே சிரிக்குது. எனக்கு மானம் போச்சு. மேடைக்கு அடியில பட்டுச்சேலையோட உக்காந்தேன். ஒரு மைக் வயரை அத்துப் பாத்தேன், உள்ள ரெண்டு கம்பி. ரெண்டையும் இடம் மாத்திப் பத்த வச்சேன். படிச்சுச் செஞ்சது இல்ல, கோவத்துல செஞ்சது. ஊளை நின்னுருச்சு. இந்த வயரு மத்த வயரோட கலந்துறக் கூடாதுன்னு நுனியில சிவப்பு நூலைச் சுத்தி விட்டேன்.

அன்னையிலருந்து அது ராசியான வயர். எந்த விசேஷம்னாலும் எங்க வீட்டுக்காரர் முதல்ல அதத்தான் எடுத்து வைப்பாவ. நூல் கறுத்துப் போச்சு, பிஞ்சு போச்சு, மேல கறுப்பு டேப்பை ஒட்டியாச்சு. ராசிங்கிறது மட்டும் நெனப்புல இருந்துச்சு. கம்பியை மாத்தினது எனக்கே மறந்து போச்சு.

பொறவு தொண்ணூறுகள்ல அவியளுக்கு நாலு மூலைப் பைத்தியம் பிடிச்சுச்சு. மதுரையில ஒரு தியேட்டர்ல நாலா பக்கமும் ஸ்பீக்கர் வச்சிருந்தாங்களாம். முதுகுக்குப் பின்னால மழை பெஞ்சுச்சாம். வந்தவிய ரெண்டு நாளு சரியாச் சாப்பிடல. மூணாம் நாளு மதுரைக்கே போயி, ஒரு கேசட்ல நாலு தடம் தனித்தனியாப் பதியிற மிஷின் ஒண்ணை செகண்ட் ஹேண்ட்ல வாங்கிட்டு வந்துட்டாவ. ஒரே ஸ்டாண்டுல நாலு மைக்கை நாலு மூலையப் பாக்கக் கட்டிப் பதியுவாவ. கடையில நாலு மூலைக்கு நாலு பெட்டி. நடுவுல ஒரு இரும்பு நாற்காலி. அதுல உக்காந்து கண்ணை மூடுனா, சத்தியமாச் சொல்றேன், கடை இருக்காது. முன்னாடி மேளம், பின்னால பிள்ளைய சிரிக்கிற சத்தம், எடத்துக் காதுப் பக்கம் யாரோ வெத்தில மெல்லுறாவ. கண்ணைத் தொறந்தா தூசி படிஞ்ச ஆம்ப்ளிஃபயர். அந்த நாற்காலிக்காக நான் அவியளை எம்புட்டோ மன்னிச்சிருக்கேன்.

ஆனா யார் வீட்டுலய்யா நாலு பெட்டி இருக்கு? ஒரு டேப் ரெக்கார்டர், அதுல ரெண்டு ஸ்பீக்கர். நாலை ரெண்டா ஆக்கிக் குடுத்தாத்தான் சனங்க கேக்க முடியும். அதுக்குத்தான் கம்ப்யூட்டர் வந்துச்சு. அதுக்காக நான் மூணு மாசம் பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போயிப் படிச்சேன். கூடப் படிச்சது பூராம் பாவாடை தாவணிப் பிள்ளைய. முதல் நாளே என்னைய ஆன்ட்டின்னு கூப்பிட்ட ஒருத்திய நல்லா வஞ்சுட்டேன்.

வேலை இதுதான். கம்ப்யூட்டர் ஒரு நேரத்துல ரெண்டு தடத்தைத்தான் உள்ள வாங்கும். முதல்ல முன்பக்கத்து ரெண்டு, பொறவு பின்பக்கத்து ரெண்டு. பதிவு ஆரம்பத்துல எங்க வீட்டுக்காரர் ஒரு கைதட்டு தட்டியிருப்பாவ. திரையில சத்தம் பச்சைக் கோடா மேடும் பள்ளமுமா ஓடும். அந்தக் கைதட்டு ஊசி மாதிரி நிக்கும். நாலு ஊசியையும் ஒரே நேருக்கு நிறுத்தணும். பொறவு எடப்பக்கத்து முன்னையும் பின்னையும் சேத்து எடக் காதுக்கு, வலப்பக்கத்து ரெண்டையும் சேத்து வலக் காதுக்கு. பின்னாடி சத்தத்தைக் கொஞ்சம் தணிச்சு வைக்கணும். இல்லேன்னா பாடுறவனை விட இருமுறவன் பெரிசாத் தெரிவான்.

மத்தியானச் சாப்பாடு முடிஞ்சு அரை ஷட்டரை இறக்கிட்டு உக்காருவேன். ஆடி மாசம்னா மலைப் பக்கமிருந்து சாரல் வந்து வாசல் நனையும். தூரத்துல மில்லுச் சங்கு ஊதும். ஹெட்போனை மாட்டிட்டா அதெல்லாம் எங்கேயோ போயிரும். எந்தக் கல்யாணத்துலயோ, எந்தக் கோவில்லயோ நடு நட்டநடுவுல நான் மட்டும் உக்காந்திருப்பேன், யாரும் என்னையப் பாக்க மாட்டாவ. எனக்கு அப்பம் முப்பது தாண்டியிருந்துச்சு, பிள்ளை இல்ல. அந்த நேரத்துல எனக்கு ஒரு குறையும் தெரியாது.

கொயர் மாஸ்டர் வந்தது அந்தக் காலத்துல. ஸ்ரீவில்லிபுத்தூர்ல வீடு, அங்க உள்ள ஒரு சர்ச்சுல பாட்டுக் குழுவை நடத்துறவிய. வேலை ராஜபாளையத்துல மில்லு ஃபிட்டர். முப்பது வருஷம் மிஷின் சத்தத்துக்கு மேல பேசிப் பேசி அப்படி ஒரு குரல். அடிவயித்துலருந்து வரும். கடை வாசல்ல நின்னு "தங்கச்சி"ன்னு கூப்பிட்டா மேசை மேல இருக்கிற ஸ்குரு அதிரும். அவியளுக்குத்தான் தொண்டையில கட்டி. மதுரையில ஆப்ரேஷனுக்கு நாள் குறிச்சாச்சு. குரல்பெட்டியையே எடுத்துருவாங்களாம்.

"பேச்சு போயிரும்னு தெளிவாச் சொல்லிட்டாங்க தங்கச்சி. அதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ஒரு பாட்டு பாடிர்றேன். பிடிச்சு வச்சுக் குடுங்க, பொறவு கேட்டுக்கிட்டு இருப்பேன்"ன்னு சிரிச்சுக்கிட்டே சொன்னாவ. எனக்குத்தான் அழுகை வந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் இருக்கிறதுலயே நல்ல மைக்கா நாலு எடுத்து வச்சாவ. சர்ச்சுக்குள்ள குழு வட்டமா நின்னுச்சு, நடுவுல எங்க ஸ்டாண்டு. மாஸ்டர் ஆர்மோனியத்துக்குப் பக்கத்துல, ஸ்டாண்டுக்கு எடப்பக்கமா நின்னாவ. நான் வெளித் தாழ்வாரத்துல மிஷினைப் பாத்துக்கிட்டு இருந்தேன். ஓட்டுமேல சாரல். உள்ள என்ன பாடுனாவ, எப்படிப் பாடுனாவன்னு ஒழுங்காக் காதுல விழல.

ஆப்ரேஷனுக்கு அவிய மதுரை போன வாரத்துல நான் நாலை ரெண்டாக்குனேன். ஹெட்போன்ல கேட்டா மத்த எல்லாரு குரலும் கணீர்னு இருக்கு. மாஸ்டர் குரல் மட்டும் பானைக்குள்ளருந்து வர்ற மாதிரி, சத்தே இல்லாம, மெலிஞ்சு போயிக் கெடக்கு. தூக்கி வச்சுப் பாத்தேன், தணிச்சு வச்சுப் பாத்தேன். ஒண்ணும் ஆகல. சரி, பாவம், நோவு அப்பமே குரலைத் தின்னுருச்சுன்னு நெனச்சுக்கிட்டு கேசட்ல ஏத்திட்டேன்.

அவிய வீடு திரும்பினதும் நானும் எங்க வீட்டுக்காரரும் கொண்டு போய்க் குடுத்தோம். மாஸ்டர் வீட்டம்மா பால்வாடி டீச்சர். வாசல்லயே கேசட்டை வாங்கிக்கிட்டாவ. அவியகிட்ட இந்த வாய் சும்மா இருந்துச்சா? "அன்னைக்கே தொண்டை சரியில்ல போல டீச்சர், நாங்களும் எம்புட்டோ முயற்சி பண்ணுனோம்"ன்னு சொன்னேன். பொறவு உள்ள எட்டிப் பாத்தா, கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலியில மாஸ்டர். கழுத்துல வெள்ளைப் பேண்டேஜ் துணி, எங்க பக்கத்துத் தறியில நெய்ஞ்சதா இருக்கும். என்னையப் பாத்து கும்பிட்டாவ.

ஒரு மாசம் கழிச்சு டீச்சர் மட்டும் கடைக்கு வந்தாவ.

"ஒரே ஒரு தடவ போட்டுக் கேட்டாவ. பாதியிலயே நிறுத்திட்டாவ. பொறவு நோட்டுல எழுதிக் காட்டுனாவ, 'இம்புட்டு நாளும் எல்லாரும் என்னையப் பொறுத்துக்கிட்டு இருந்திருக்காவ'ன்னு. இப்பம் சர்ச்சுக்கே வர மாட்டேங்காவ. பாட்டுப் புத்தகத்தையெல்லாம் கட்டி ஐயர்வாள் வீட்டுக்குக் குடுத்து விட்டுட்டாவ."

பாதிரியாரை அவிய அப்படித்தான் சொல்லுவாவ. டீச்சர் போனதும் கோவம் பூராம் எங்க வீட்டுக்காரர் மேல திரும்புச்சு. என்ன மைக்கைக் கட்டுனீய, எங்க வச்சீய, ஒரு நல்ல காரியத்துல கூட உங்க கோமாளித்தனமான்னு ஒரே வசவு.

அவிய நிதானமா, "நாலு பெட்டியில கேட்டப்போ நல்லாத்தானட்டி இருந்துச்சு. நீ ரெண்டாக்குனதுலதான் கெட்டுருக்கு"ன்னாவ.

"ஓஹோ, அப்பம் எந்தலையிலயா?"

"நாற்காலியில உக்காந்து பாரு."

உக்காந்தேன். நாலு மூலையிலருந்தும் பாட்டு வந்துச்சு. எடப்பக்கம் மாஸ்டர். கணீர்னு இருந்துச்சு. நெஞ்சுக்குள்ள அடிச்சுச்சு. அப்பம் பதிவுல குரல் இருக்கு, ரெண்டாக்குற இடத்துல எங்கேயோ நான் தொலைக்கேன்.

மறுநாள் மத்தியானம் திரையில எடப்பக்கத்து ரெண்டு தடத்தையும் பெருசாக்கி ஒண்ணுக்கு கீழ ஒண்ணா வச்சேன். மேட்டையும் பள்ளத்தையும் பாத்துக்கிட்டே இருந்தேன். அரைமணி நேரம் ஒண்ணும் புரியல. மழை பெஞ்சுக்கிட்டு இருந்துச்சு, கண்ணு சொக்குச்சு. சொக்கின கண்ணுக்குத்தான் அது தெரிஞ்சுச்சு. முன்தடத்துல மேடு இருக்கிற இடத்துல எல்லாம் பின்தடத்துல பள்ளம். ஒண்ணு ஏறுற நேரம் இன்னொண்ணு இறங்குது. ரெண்டையும் கூட்டுனா என்ன மிஞ்சும்? ரெண்டு மைக்குக்கும் நடுவுல நின்ன மாஸ்டர் குரலை ரெண்டும் சேந்து அழிச்சிருக்கு. வேற இடத்துல நின்னவிய தப்பிச்சிட்டாவ.

எந்திரிச்சுப் போயி அந்தப் பின் மைக்கோட வயரை எடுத்தேன். நுனியில கறுப்பு டேப்பு. உரிச்சேன். உள்ள ஒரு இணுக்கு சிவப்பு நூல் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு.

"இதை ஏங்க எடுத்துட்டுப் போனீய?"ன்னேன்.

"மாஸ்டருக்கு நல்லா வரணும்னுதான். ராசியான வயர்லா"ன்னாவ.

அவியளை நான் என்னத்தச் சொல்ல. கம்பியை மாத்தி மேட்டைப் பள்ளமாக்குனது நான். நூலைச் சுத்துனது நான். வாசல்ல நின்னு வாயை விட்டதும் நான். நேரே போயி கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்தேன். அந்தச் சாஃப்ட்வேர்ல ஒரு தடத்தைத் தலைகீழாப் புரட்ட ஒரு வசதி உண்டு, அதுவரைக்கும் அதை எதுக்கு வச்சிருக்கான்னே எனக்குத் தெரியாது. பின்தடத்தைத் தொட்டு அதை அமுக்குனேன். பள்ளம் எல்லாம் மேடாச்சு. சேத்து ஓட விட்டேன்.

எடக் காதுல மாஸ்டர் வந்தாவ. முழுசா வந்தாவ. பக்கத்துல நின்னு பாடுறாவ, மூச்சு இழுக்கிறது கேக்குது, ஓட்டு மேல சாரல் கேக்குது. நான் "எம்மா"ன்னு ஒரு சத்தம் போட்டிருக்கேன். கரண்டு அடிச்சிருச்சுன்னு எங்க வீட்டுக்காரர் மெயினை அணைக்க ஓடுனாவ.

மறுநாள் சாயந்திரம் புதுக் கேசட்டோட ஸ்ரீவில்லிபுத்தூர் போனோம். மாஸ்டர் அதே நாற்காலியில இருந்தாவ. நான் முன்னாடி தரையிலயே உக்காந்து எல்லாத்தையும் சொன்னேன். சித்தப்பா ஓம வாட்டர்லருந்து சிவப்பு நூல் வரைக்கும். "தப்பு எங்க வயர்ல மாஸ்டர். உங்க தொண்டையில இல்ல. தெரியாம இந்த வாயி அன்னைக்கு ஒளறிருச்சு"ன்னேன். அவிய முகத்துல ஒரு மாத்தமும் இல்ல. ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சிருப்பாவ.

டீச்சர் கேசட்டைப் போட்டாவ. முதல்ல கைதட்டு. பொறவு ஆர்மோனியம். பொறவு அந்தக் குரல். ஜன்னல் கம்பி வரைக்கும் அதிர்ந்துச்சு. மாஸ்டர் பாட்டு முடியிற வரைக்கும் ஸ்பீக்கரையே பாத்துக்கிட்டு இருந்தாவ. உதடு மட்டும் பாட்டோட அசைஞ்சுச்சு. டீச்சர் முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டு அடுப்படிக்குப் போயிட்டாவ.

பாட்டு முடிஞ்சதும் மாஸ்டர் நோட்டை எடுத்து மெதுவா எழுதினாவ. எழுதி என் பக்கம் திருப்பிக் காட்டுனாவ.

'அப்போ அன்னைக்கு நான் நல்லாத்தான் பாடியிருக்கேன்.'

வாய் தொறந்தேன். ஊர்ல எவளும் எங்கிட்ட பேசி ஜெயிச்சது இல்ல, அப்படியாப்பட்ட எனக்கு ஒரு சொல்லு வெளிய வரல. அவிய என் முகத்தையே பாத்துக்கிட்டு இருக்காவ. கையை நீட்டி பேனாவை வாங்கி, அவிய எழுத்துக்குக் கீழ 'ஆமா'ன்னு எழுதிக் குடுத்தேன்.