இன்னும் ஒரு ரீல் பாக்கி

சினிமா விமர்சனம் எழுத எங்கே கற்றுக்கொண்டீர்கள், அம்மா என்று கேட்கிறார்கள். இலங்கையில், கொட்டகலைப் பக்கம் தேயிலை மலையில், கொழுந்து பறிக்கும்போது என்றால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். என் மதினி, அதாவது அண்ணன் மனைவி, படக்கதை சொல்லி அவர்கள் கேட்டதில்லையே!

மதினிக்குத் தாய்வீடு அட்டன் டவுனுக்குப் பக்கத்தில். ஞாயிற்றுக்கிழமை போனால் படம் பார்க்காமல் திரும்பமாட்டார். திங்கட்கிழமை நிரையில், கொழுந்து பறிக்க வரிசையாக நிற்கும்போது, நாங்கள் அவரைப் பிடித்துக்கொள்வோம். கதை சொன்னால் கை மெதுவாகிவிடும். நிறுவையில் கொழுந்து குறைந்தால் அரைப்பேர், பாதிச் சம்பளம்தான். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. கதை கேட்கிறவர்கள் ஆளுக்கொரு பிடி கொழுந்தை மதினியின் கூடையில் போடவேண்டும். வில்லன் சிரித்ததைச் சிரித்துக் காட்டுவார், கதாநாயகி அழுததை அழுது காட்டுவார். வேலை மேய்க்கும் கங்காணியின் தலை தெரிந்தால் அந்த அழுகையை அப்படியே இருமலாக்கிவிடுவார். அப்படியொரு நடிப்பை நான் பிறகு எந்தத் திரையிலும் பார்க்கவில்லை.

ஐம்பதுகளில் ஒருமுறை அண்ணன் தங்கை படம் ஒன்றைச் சொன்னார். அதில் வரும் ரயில் பாட்டையும் பாடிக் காட்டினார். கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போன தங்கை, அண்ணன் கல்யாணத்தன்று மழையில் நனைந்தபடி வந்து வாசலில் நிற்கிறாள். நிரை முழுக்க மூக்கைச் சிந்தியது. அடுத்த ஞாயிறு நாங்கள் குடியிருந்த லயமே அட்டனுக்குக் கிளம்பிவிட்டது. மதினி மட்டும் தலைவலி என்று வரவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

படத்தில் கல்யாணம் நடந்தது, தாலியும் கட்டியாயிற்று, தங்கை வரவில்லை. ‘சுபம்’ என்று காட்டி விளக்கையும் போட்டுவிட்டார்கள். எங்கள் ஆட்கள் எழுந்திருக்கவே இல்லை.

"இன்னும் ஒரு ரீலு பாக்கி இருக்குங்க, போடுங்க!" என்று மெஷின் ரூமைப் பார்த்துச் சத்தம் போட்டார்கள். தியேட்டர்க்காரர் வந்து கும்பிட்ட பிறகுதான் வெளியே வந்தோம்.

மறுநாள் மலையில் யாரும் மதினியோடு பேசவில்லை. "பொய் சொல்லி ஏமாத்திட்டா" என்று பக்கத்து நிரை அக்கா காதில் விழும்படியே சொன்னார். அடுத்த ஞாயிறும் மதினி படம் பார்த்துவிட்டு வந்தார், திங்கட்கிழமை யாரும் கதை கேட்கவில்லை.

"இனிமே நான் கதை சொல்லமாட்டேன் புள்ள" என்றார் என்னிடம்.

மதினியின் கதை இல்லாவிட்டால் மலையில் என்ன இருக்கிறது, அட்டைக்கடியும் மழையும்தான். அதுவரை நிரையில் சத்தமாகப் பேசியே அறியாத நான் பேசினேன்.

"எங்க மதினி ஏமாத்தலீங்க. தங்கச்சி வீட்ட விட்டுப் போனாளே, அந்த அண்ணங்காரன் தேடுனானா? சாப்பிட்டாளா, எங்க படுத்தாளுன்னு யாராச்சும் கேட்டாங்களா? படம் எடுத்தவங்களே அவள மறந்துட்டாங்க. மதினி மறக்காம கூட்டியாந்து வாசல்ல நிப்பாட்டுனாங்க. ஆனா ஒண்ணு, அந்த ரயில் பாட்டு படத்துலதான் நல்லா இருந்துச்சு. மதினி பாடுனா ரயிலே நின்னுரும்!"

முதலில் சிரித்தது மதினிதான். பிறகு நிரையே சிரித்தது.

பக்கத்து நிரை அக்கா எட்டி வந்து மதினியின் கூடையில் ஒரு பிடி கொழுந்தைப் போட்டார். "சரி, நேத்து பாத்த படத்தச் சொல்லு" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"இனிமே நீயும் இவகூடப் போய்ப் பாரு. எது படத்துல உள்ளது, எது இவ போட்டதுன்னு எங்களுக்குத் தெரியணும்" என்று சொல்லி, என் கூடையிலும் ஒரு பிடி போட்டார்.